நசுங்கிய சைக்கிளைப் பற்றிப் பொதுமக்கள் கருத்து

மாரிசெல்வம் செத்தது காலை ஐந்து ஐம்பதுக்கு. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றிலும் இருந்தது. ஆகவே ஒப்புக்கொண்ட விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற பெரிய ரோட்டில், காலை ஷிப்டுக்கு அவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். வயது இருபத்தேழு. ஊர் விளாத்திகுளம் பக்கம். எட்டுப் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு வந்த டிரெய்லர் ஒன்று, கையும் காட்டாமல் விளக்கும் போடாமல் இடது பக்கம் திரும்பியது. முன்சக்கரம் அவனைத் தட்டிவிட்டது, பின்சக்கரம் ஏறியது. தலை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. உடம்பைச் சைக்கிளோடு சேர்த்து நாற்பதடி இழுத்துக்கொண்டு போனது. டிரைவர் இறங்கி, முதலில் எட்டுக் கார்களையும் சுற்றிப் பார்த்தான். ஒன்றிலும் கீறல் இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டுப் பிறகுதான் ஓடிப்போனான்.

மாரிசெல்வத்தின் அண்ணன் கொம்பையா. ஒரு பிரஸ் ஷாப்பில் பதினாறு வருஷமாகத் தகடு அடிக்கிறவன். ரோட்டின் சட்டதிட்டம் எதுவும் அவனுக்குத் தெரியாது, கம்பெனியின் சட்டதிட்டம் மட்டும் தலைகீழ்ப் பாடம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பிரஸ்ஸில் அவனுடைய இரண்டு விரல் போனது. உடனே லைனை நிறுத்தினார்கள். மிஷினில் சிவப்பு அட்டை கட்டினார்கள். ‘ஓட்டாதே. பாதுகாப்பு அதிகாரி கையெழுத்திடும் வரை இயக்கக் கூடாது’ என்று அதில் எழுதியிருக்கும். அந்த அட்டை தொங்குகிற மிஷினை முதலாளியே வந்தாலும் தொட மாட்டார். இரண்டு நாள் விசாரணை, போட்டோ, மீட்டிங். இரண்டு விரலுக்கே இரண்டு நாள் நிறுத்தினார்கள் என்றால் ஒரு முழு ஆளுக்கு எத்தனை நாள் நிறுத்துவார்கள் என்று அவன் ரோட்டோரம் நின்று யோசித்துப் பார்த்தான்.

போலீஸ் வந்து, சாக்கில் அள்ளி, மண்ணைத் தூவி, இருபது நிமிஷத்தில் ரோட்டைத் திறந்துவிட்டது. அண்ணன்காரன் திகைத்துப் போனான். யாரோ அட்டை கட்ட மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கம்பெனியிலிருந்து ஒரு சிவப்பு அட்டை கேட்டு வாங்கிவந்தான். தம்பியின் சைக்கிள் அப்பளமாக மடிந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்தது. எழுதிக் கொடுத்து அதையும் வாங்கிவந்தான். செத்த இடத்தில், ரோட்டோர விளக்குக் கம்பத்தில், ஆள் உயரத்துக்குத் தூக்கி வைத்துக் கட்டினான். சீட்டில் இன்னும் ரத்தம் காய்ந்திருந்தது. அதை அவன் துடைக்கவில்லை. விசாரணைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே. ஹேண்டில்பாரில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, ‘இயந்திரத்தின் பெயர்’ என்ற இடத்தில் ‘ரோடு’ என்று எழுதினான்.

அப்புறம் ஒரு ஆச்சரியம் நடந்தது. லாரிகள் மெதுவாகப் போக ஆரம்பித்தன. அந்தத் தடத்து லாரி டிரைவர்கள் எல்லாம் கம்பெனி கேட்டுக்குள் போய் வருகிறவர்கள். சிவப்பு அட்டையை மதிக்காமல் போனால் கேட் பாஸை ரத்து செய்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு எலும்பில் ஊறியிருந்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. மாதத்துக்கு இரண்டு பேரைத் தின்றுகொண்டிருந்த இடத்தில் ஐம்பத்தோரு நாள் ஒருத்தரும் சாகவில்லை.

கொம்பையாவுக்கு வேண்டியதும் அதுதான். மாரிசெல்வத்தின் மனைவி இசக்கிசெல்வி அதே ரோட்டில், ஓரத்து மண்பாதையில் சைக்கிள் மிதித்துத்தான் வயர் கம்பெனிக்குப் போய்வருகிறாள். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. தம்பி போய்விட்டான், அவளாவது தினமும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அவனுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

இப்படி ஒரு ஊரில் ஐம்பத்தோரு நாள் எல்லாம் நன்றாக நடந்தால் அரசாங்கத்துக்குத் தெரியாமலா போகும்? ஐம்பத்திரண்டாம் நாள் கடிதம் வந்தது. அனுப்பியது ‘தொழில்தடச் சாலையோர நினைவுச்சின்ன ஒழுங்காற்று ஆணையம்.’ இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்காக ஆணையம் ஒருபோதும் மனம் தளர்ந்ததில்லை.

தலைவர் நடேசன் ஏசி அறையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கருத்துப் பிரிவு அதிகாரி செந்தாமரை, மடியில் லேப்டாப்.

“உட்காருங்க மிஸ்டர் கொம்பையா. முதல்ல எங்க ஆழ்ந்த இரங்கல். ரெண்டாவது, உங்க மேல நடவடிக்கை.”

“நான் என்ன சார் செஞ்சேன்?”

“அனுமதி இல்லாம நினைவுகூர்ந்திருக்கீங்க.”

ஒரு படிவத்தை நீட்டினார். ஒன்பதாவது கட்டத்தில் ‘நினைவுகூரப்படுபவரின் சம்மதக் கையொப்பம்’ என்று இருந்தது.

“அவந்தான் செத்துட்டானே சார்.”

“அது பதினொண்ணாவது கட்டம். நான் ஒன்பதைக் கேக்கறேன்.”

“சார், இது நினைவுச்சின்னம் இல்ல. டேக். ரோட்டுக்குச் சேப்டி ஆபீசர் யாருன்னு சொன்னியன்னா அவுகள்ட்ட கையெழுத்து வாங்கிட்டு நானே கழட்டிப்புடுதேன். மிஷினு ஆளக் கொன்னா யாராச்சும் கையெழுத்துப் போடணும்லா?”

தலைவர் செந்தாமரையைப் பார்த்தார். செந்தாமரை லேப்டாப்பைத் தட்டினார். ரோட்டுக்கு விளம்பர அதிகாரி இருந்தார். நடுவில் செடி நட அதிகாரி இருந்தார். அந்தச் செடியை ஆடு தின்றால் ஆட்டைப் பிடிக்கவும் ஒருவர் இருந்தார். பாதுகாப்பு அதிகாரி என்ற பதவி ஒன்பது வருஷமாகக் காலி.

“காலியா இருக்கறதால அங்க எந்தத் தப்பும் நடக்கல பாருங்க,” என்றார் தலைவர் பெருமையாக. “ஸ்தல ஆய்வுக்கு வர்றோம்.”

ஸ்தல ஆய்வு ஒரு திருவிழா. நாலு ஜீப், பத்துப் போலீஸ். அதிகாரிகள் உயிர் முக்கியம் என்பதால் ரோட்டின் குறுக்கே கயிறு கட்டி, நாற்பது நிமிஷம் எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் குடிவந்த காலத்திலிருந்து ஒருநாளும் பயமில்லாமல் ரோட்டைக் கடக்காத இருநூறு சைக்கிள்காரர்கள் அன்று சிரித்துக்கொண்டே கடந்தார்கள். இது ஆய்வு அறிக்கையில் ‘பொதுமக்களுக்கு ஏற்பட்ட இடையூறு’ என்று பதிவாகியிருக்கிறது.

மாரிசெல்வம் எந்த இடத்தில் செத்தான் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அங்கே டீக்கடை வைத்திருக்கும் கிளியம்மாள்தான் சாட்சி. அன்று சாக்குப் போட்டு மூடியது அவள்தான்.

“தோ, தல இங்க கெடந்துச்சு. ஒடம்பு அங்க, அந்த மோரியாண்ட. குடலு நடுவால பூரா இஸ்துகினு போயி கீது. இன்னா தெரியணும் இன்னும்?”

செந்தாமரை மேப்பைப் பார்த்துவிட்டுத் தலைவரின் காதைக் கடித்தார். தலைவர் முகம் இறுகியது.

“தலை கிடந்தது ஒரு ஊராட்சி. உடம்பு கிடந்தது வேற ஊராட்சி. ஒரு ஆளுக்கு ரெண்டு ஊராட்சியில நினைவுச்சின்னம் குடுக்க விதி இல்ல. எந்தப் பகுதி பெரும்பான்மைன்னு பாக்கணும். அம்மா, எடையில எது அதிகம் இருந்திருக்கும்?”

“ஏன்யா, நீ மனுசன்தானா?” என்றாள் கிளியம்மாள்.

“உணர்ச்சிவசப்படாதீங்க. உயிர் எந்தப் பகுதியில போச்சு, அதைச் சொல்லுங்க போதும்.”

“ரெண்டுலயும் போச்சுய்யா! உன் வாயில வசம்பத் தேய்க்க!”

‘சாட்சி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். திரும்பும்போது தலைவரின் ஜீப் பின்பக்கமாக வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வெல்டர் அந்தோணிராஜின் சைக்கிளில் ஏறியது. கணுக்கால் உடைந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. அவன் போட்ட சத்தம் மண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். செந்தாமரை ஓடிவந்து குனிந்து, மிகுந்த அக்கறையோடு சொன்னார்: “பயப்படாதீங்க, இது விபத்துக் கணக்குல வராது. ஆய்வுக் கணக்குலதான் வரும்.”

எடைப் பிரச்சினை தீராததால் விஷயம் மக்கள் மன்றத்துக்குப் போனது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் சைக்கிள் ஓட்டுகிற பொதுமக்கள் எல்லாம் கம்பெனி லைனில் நின்றுகொண்டிருந்தார்கள். மீதிப் பொதுமக்கள் காரில் வந்து இறங்கினார்கள்.

லாரி உரிமையாளர் ஒருவர் முதலில் எழுந்தார். “நாங்களும் மனுசங்கதான் சார். அந்தச் சைக்கிளைப் பாத்தா டிரைவருக்கு மனசு கலங்கிடுது. மனசு கலங்குனா வேகம் கொறையுது. டிரிப்புக்கு ஆறு நிமிசம் போவுது. செத்தவருக்காக உசுரோட இருக்கற சரக்கு காத்துகினு கெடக்கலாமா?” பலத்த கைதட்டல்.

மனை விற்பவர் ஒருவர், மனை பார்க்க வருகிற குடும்பங்கள் அந்தச் சைக்கிளைப் பார்த்து ‘இங்கே விபத்து நடக்குமா’ என்று கேட்பதாகக் கண்ணீர் விட்டார். நடக்கிற விபத்தைவிடத் தெரிகிற விபத்துதான் ஆபத்து என்பது அவர் கருத்து. கம்பெனி ஒன்றின் மனிதவள மேலாளர், வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி அதை நவீன சிற்பம் என்று நினைத்துப் போட்டோ எடுத்ததாகவும், தாங்கள் மறுக்கவில்லை என்றும், ஆனால் ரத்தம் பற்றிக் கேட்டபோது தர்மசங்கடமாகிவிட்டது என்றும் சொன்னார். டை கட்டிய ஒரு பையன், “நினைவு வேணும் சார், ஆனா பாசிட்டிவா இருக்கணும்,” என்றான்.

கொம்பையா லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவனுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கினார்கள். அதில் ஒரு நிமிஷம் அவன் தம்பிக்கான மௌன அஞ்சலிக்குப் போய்விட்டது.

“ஐயா, அந்தச் சைக்கிளு அங்ஙன தொங்குனதுல இருந்து ஒருத்தருஞ் சாவல. எழுபத்தி நாலு நாளு ஆச்சு. எனக்கு நினைவெல்லாம் வேண்டாம். எந்தம்பிய நான் எங்ஙன இருந்தாலும் நெனைச்சுக்கிடுவேன். லாரிக்காரன் நெனைக்கணும், அதாம் வேணும். எங்க வீட்டுப் புள்ள தெனமும் அந்த வழியாத்தாம் வாரா...”

மணி அடித்தது. செந்தாமரை முடிவை வாசித்தார். நசுங்கிய சைக்கிளை எதிர்ப்போர் எண்பத்தொன்பது சதவீதம். ஆதரிப்பவர் அண்ணன் ஒருவர். சைக்கிள் ஓட்டுவோர் தரப்பிலிருந்து யாருமே வராததால், அவர்களுக்கு இதில் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்பட்டது.

தலைவர் எழுந்தார். குரல் தழுதழுத்தது. “மாரிசெல்வத்தை ஒரு பழைய இரும்புக் கம்பத்துல தொங்கவிடறது அவருக்கு அவமானம். இந்த ஆணையம் அவரை உயர்த்தும். கிரானைட்ல மேடை! இருபதடி நீளம், ஆறடி அகலம்! இனி ஒவ்வொரு சைக்கிள்காரரும் பெருமையா சாகலாம்!”

கடைசி வார்த்தையில் சின்னச் சறுக்கல் என்று யாரும் நினைக்கவில்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் அப்படியே அச்சாகியிருக்கிறது.

மறுநாளே சைக்கிளை வெட்டி இறக்கி, மாலை போட்டு, பழைய இரும்புக் கடைக்கு மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே லாரிகள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டன. அதற்கு அடுத்த வாரம் கிளியம்மாள் கடைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கிழவர், சைக்கிளோடும் குடத்தோடும் ரோட்டில் தேய்ந்து போனார். அவருக்குக் கருத்துக்கேட்பு நடத்த ஆள் இல்லை.

மேடை எழும்பியது. எங்கே? ரோட்டின் மேலே கட்ட முடியாது, லாரி போக வேண்டும். ரோட்டுக்கு அந்தண்டை கட்ட முடியாது, அது கம்பெனி நிலம். இரண்டுக்கும் நடுவில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு மண்பாதை சும்மா கிடந்தது. சைக்கிள்கள் போவதைத் தவிர அதற்கு வேறு எந்த உபயோகமும் இல்லை. சைக்கிள்காரர்களின் நினைவுச்சின்னத்தை அதில் கட்டினார்கள். ஆறடி மேடையில் ஒரு அடி ரோட்டுக்குள்ளேயே நீட்டிக்கொண்டு நின்றது.

ஷிப்டு முடிந்து வந்த இசக்கிசெல்வி சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நேரே கொம்பையாவிடம் வந்தாள்.

“அத்தான், அந்த மேடைகிட்ட வந்தா ரோட்டுல எறங்கித்தாம் சுத்தணும். பின்னால இருந்து காதுக்குள்ள ஹாரன் அடிக்கான். இன்னைக்கு டயரு எஞ்சேலைய உரசிக்கிட்டுப் போச்சு. எனக்குப் பயமா இருக்கு அத்தான்.”

“நீ எறங்கி உருட்டிக்கிட்டு வா தாயி.”

“உருட்டவும் எடமில்ல. அவிய பேர எழுதி வச்சிருக்காவளே, அந்தக் கல்லுமேல ஏறியா வர முடியும்?”

கொம்பையா அன்றே மனு எழுதினான். மேடையை நாலடி தள்ளிக் கட்டச் சொல்லிக் கெஞ்சினான். ‘தாங்கள் கோருவது உயிரோடு இருப்பவர் தொடர்பானது. இவ்வாணையத்தின் வரம்பு இறந்தவர்கள் மட்டுமே. உரிய தகுதி ஏற்பட்டபின் அணுகவும்’ என்று பதில் வந்தது. அவன் அதை மூன்று தடவை படித்தான். இசக்கியிடம் காட்டவில்லை.

திறப்பு விழா மதியம் இரண்டு மணிக்கு. ஷாமியானா, ஸ்பீக்கர், ரோஜாப்பூ வளையம், வரிசையாகப் பதினோரு கார். மண்பாதையில் மீதி இருந்ததும் அடைந்துபோயிற்று. கொம்பையாவுக்குச் சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கொத்தனார் சாமான்களைக்கூட இன்னும் எடுக்கவில்லை. மேடை ஓரத்திலேயே கிடந்தன.

“பொதுமக்கள் கருத்துதான் மகேசன் கருத்து,” என்று தலைவர் தொடங்கினார். “சிலர் கேக்கறாங்க, இந்தப் பணத்துக்கு ஒரு வேகத்தடை போட்டிருக்கலாமேன்னு. வேகத்தடை ஒரு சாவைத் தடுக்கும். ஆனா அதை யார் நினைவுல வச்சுப்பாங்க?”

இரண்டேகால் மணிக்கு ஷிப்டு விட்டது. சைக்கிள்கள் கூட்டமாக வந்தன. ஷாமியானாவைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக ரோட்டில் இறங்கின. இசக்கிசெல்விக்கு முன்னால் அவள் தோழி சுகப்பிரியா போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கண்டெய்னர் ஒன்று, மழை கொட்டுகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

சத்தம் ஒன்றுதான் கேட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம். முன்வரிசையில் இருந்தவர்களின் வெள்ளைச் சட்டைகளிலும், ரோஜாப்பூ வளையத்திலும், புதுக் கல்லிலும் சூடாகத் தெறித்தது. சுகப்பிரியாவின் செருப்புக்கால் ஒன்று மட்டும் மேடைப் படியில் வந்து நின்றது. இசக்கிசெல்வி சைக்கிளோடு கவிழ்ந்து, லாரிச் சக்கரத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் கிடந்தாள்.

கொம்பையா பாய்ந்துபோய் அவளை இழுத்தெடுத்தான். கையைத் தொட்டான், காலைத் தொட்டான், தலையைத் தொட்டான். எல்லாம் இருந்தது. அப்போது அவன் அழுத அழுகையை மாரிசெல்வம் செத்த அன்றுகூட அழவில்லை.

தலைவர் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அனுபவசாலி அல்லவா, மைக்கை விடவில்லை.

“ஒரு நிமிட மௌனம் அனுசரிப்போம்... நன்றி. இந்த நேரத்துல ஒண்ணு சொல்லிக்க ஆசைப்படறேன். இந்தக் கல்லுல மாரிசெல்வம் பேருக்குக் கீழ இன்னும் பதினேழு பேருக்கு இடம் விட்டு வச்சிருக்கோம். தொலைநோக்குத் திட்டம்னு நாங்க சொன்னப்போ சிரிச்சாங்க. இன்னிக்கு யாரும் சிரிக்கல பாருங்க!”

கொம்பையா சால்வையை அவிழ்த்து இசக்கிக்குப் போர்த்தினான். கொத்தனார் சாமானிலிருந்து சம்மட்டியை எடுத்தான். பதினாறு வருஷம் தகடு அடித்த கை. முதல் அடி தம்பியின் பெயரில் விழுந்தது. கிரானைட் சில்லு ஒன்று பறந்துபோய்த் தலைவரின் முன்பல் இரண்டைப் பெயர்த்தது. “கழுத்தறுப்பானுவளா! செத்தவனுக்கு எடம் வச்சியே, இருக்கவளுக்கு எங்கல எடம்?” என்று கத்திக்கொண்டே அடித்தான். இரண்டாவது சம்மட்டியைக் கட்டுப்போட்ட காலோடு வந்த அந்தோணிராஜ் எடுத்தான். கிளியம்மாள் கடப்பாரையோடு ஓடிவந்தாள். அப்புறம் ஷிப்டு விட்ட கூட்டம் முழுதும் இறங்கியது. கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தார்கள், எதுவும் கிடைக்காதவர்கள் காலால் உதைத்தார்கள். தடுக்க வந்த செந்தாமரையின் லேப்டாப், எண்பத்தொன்பது சதவீதத்தோடு கண்டெய்னர் சக்கரத்துக்கடியில் போனது. தலைவர் வாயில் ரத்தம் ஒழுக, “கருத்து சொல்லணும்னா படிவத்துல சொல்லுங்க! படிவத்துல சொல்லுங்க!” என்று கதறியபடி ஜீப்புக்கு ஓடினார்.

அரை மணி நேரத்தில் மேடை இருந்த இடத்தில் மேடை இல்லை. கல்லையெல்லாம் வாரி ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது கொம்பையா மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். ‘நான்தான் செஞ்சேன், வேற யாரும் இல்ல’ என்று தானே போய் வண்டியில் ஏறினான்.

ஸ்டேஷனில் வழக்கு எழுதுவதில் ஒரு சிக்கல் வந்தது. நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தி இறந்தவரின் குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தியதாகத்தான் குற்றம். ஆணையத்துக்கு மனம் இல்லாததால் அது புண்பட முடியாது. குடும்பத்திலிருந்து ஒருவர் புகார் கொடுத்தாக வேண்டும். ஆளைத் தேடுவதிலேயே ஒருநாள் போய்விட்டது. மறுநாள் மதியம் ஏட்டுக்கு யோசனை வந்தது.

“யோவ், செத்துப்போனவருக்கு நீ இன்னா வேணும்?”

“கூடப்பொறந்த அண்ணன் சார்.”

“அட, அப்ப நீயே குடும்பம்தான. மனசு புண்பட்டுச்சா?”

“பட்டுச்சு சார்.”

“ரொம்பவா?”

“ரொம்ப சார்.”

“அப்பாடா. புகார்தாரர்னு கீதுல்ல, இங்க ஒரு கையெழுத்து. குற்றவாளின்னு கீதுல்ல, அங்க ஒரு கையெழுத்து. பாதிக்கப்பட்டவரும் நீதான், பாதிச்சவனும் நீதான், வேல சுளுவா முடிஞ்சுது.”

முதல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த அவன் போன் அடித்தது. மணி இரண்டே முக்கால். இசக்கிசெல்விக்கு வயர் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை, தோழி செத்ததற்கு விடுப்பு விதியில் இல்லை. எடுத்துப் பேச ஏட்டு தலையாட்டினார்.

“அத்தான், ரூமுக்கு வந்துட்டேன். ரோட்டுல எறங்கவே இல்ல. மண்ணுலயேதாம் வந்தேன். எல்லாரும் மண்ணுலயேதாம் வந்தோம்.”

கொம்பையா போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

“இன்னும் எங்கெங்க போடணும்னு காட்டுங்க சார், போடுதேன்,” என்றான்.